கரட்டு நரிக்கு ஒரு சாட்சி

அக்கா, வீடியோவுல இருந்து ஒரே ஒரு ஆளை மட்டும் வெட்டி எடுக்க முடியுமா? வேற யாரையும் இல்ல, எங்க வூட்டுக்காரரத்தான்.

சிரிக்காதீங்க. ஏறுனப்பவே கேக்கணும்னு இருந்தேன். நீங்க போன்ல ரெண்டு விரலை வெச்சு படத்தைப் பெருசு பண்றதும் ஓரத்தை நறுக்கறதுமா இருந்தீங்களா, சரி, இந்தக்காவுக்கு வெவரம் தெரியும்னு மனசுல குறிச்சுக்கிட்டேன். பையைக் குடுங்க, நான் மடியில வெச்சுக்கறேன். பாப்பாவை சன்னலோரமாத் தள்ளிக்கிறேன். கனி, காலை மடக்குடி, அத்தை சேலையில படுது பாரு. பேரு கனிஷ்கா. வர்ற ஆடிக்கு நாலு முடியுது.

நான் கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்புல எறங்கணும். இன்னைக்குத் திங்கக்கெழமை, மனு வாங்குற நாளு. அங்க போறதுக்குள்ள இந்த வீடியோவுல மனுசன் இருக்கக்கூடாது, நரி மட்டும் இருக்கணும். ஆமாக்கா, நரிதான். நரி இருக்குதுன்னு காட்டுனா எங்க கரட்டைக் குவாரிக்காரனுக்குக் குடுக்க மாட்டாங்க. மனுசன் இருக்கறாருன்னு காட்டுனா மனுசனை ஜெயிலுக்குக் குடுத்துருவாங்க. அவ்வளவுதான் வெசயம்.

சொல்றேன் இருங்க. பஸ்ஸு இப்பத்தான் ரயில்வே கேட்டுல நிக்குது, எப்ப தொறப்பானோ. ஊரு பேரு மட்டும் கேக்காதீங்க. பஸ்ஸுல யாரு யாரு இருக்கறாங்கன்னு தெரியாது. நம்ம வாயாலயே நம்ம மாட்டிக்கக்கூடாது பாருங்க.

எங்க ஊருக்கு மேக்கால ஒரு கரடு இருக்குது. மலைன்னு சொல்ல முடியாது, மேடுன்னும் சொல்ல முடியாது. மேல பாறை, கீழ பூராவும் சூரமுள்ளும் புதருமா இருக்கும். அதுக்கு அடியில எங்க காடு. கடலை போடுவோம், குச்சிக்கெழங்கு போடுவோம். அந்தப் புதருலதான் நரி இருக்கும். பெரிய நரி இல்லக்கா, பூனைக்கு அண்ணன் நாய்க்குத் தம்பின்னு சொல்ற மாதிரி சின்னதா, வாலு நுனி மட்டும் கருப்பா இருக்கும். பொங்கல் முடிஞ்ச அடுத்த நாளு அந்த நரி மூஞ்சியில ஊரே முழிக்கணும். முழிச்சா மழை. முழிக்காட்டி இல்ல. அப்படித்தான் எங்க ஊருல.

எப்படி முழிக்கறதுன்னா, அது என்ன நம்ம வாசல்ல வந்து உக்காருமா? புடிக்கணும். தப்படிச்சுக்கிட்டு ஊரே கரட்டுக்குப் போவும். வலை எங்க மாமனாரு வூட்டுது. சின்னப்பையன்னு பேரு அவருக்கு, வயசு எழுவதுக்கு மேல ஆச்சு, இன்னும் சின்னப்பையன்தான். நரி வலையில விழுந்ததும் மொதல்ல அவருதான் தொடணும். பஞ்சுல மெத்துன்னு ஒரு கயிறு முறுக்கி வெச்சிருப்பாரு, அதுல வாயைக் கட்டுவாரு, கடிக்காம இருக்கறதுக்கு. மாலை போட்டு மாரியாத்தா கோயிலுக்குத் தூக்கிட்டு வருவாங்க. நீளக் கயித்துல உட்டு கோயிலைச் சுத்தி ஓட விடுவாங்க. கொழந்தைங்களைத் தூக்கித் தூக்கிக் காட்டுவாங்க. அப்பறம் எங்க புடிச்சாங்களோ அங்கயே கொண்டுபோயி விட்டுரணும். விடறப்பவும் அவருதான். மண்ணுல குந்தி உக்காந்து, அது மூஞ்சியப் பாத்து, "போயிட்டு வா தாயி, மழையோட வா"ன்னு சொல்லி, வாய்க்கட்டை அவுத்து, வெரலை விட்டுப் பாத்துட்டுத்தான் கையை எடுப்பாரு. வேற ஒரு ஆளு அந்தக் கட்டைத் தொடக்கூடாது.

பூ மாதிரி வெச்சிருப்போம்க்கா அதை. ஒரு அடி கெடையாது, ஒரு ஒதை கெடையாது. நடுங்கும்தான். ஒண்ணுக்குப் போயிரும். சாமிகிட்டக் கொண்டுபோனா யாருக்குத்தான் ஒடம்பு நடுங்காது? என்னைக் கலியாணத்தன்னைக்கு மணவறையில உக்கார வெச்சப்ப நான் நடுங்குன நடுக்கத்துல மாலையில இருந்த பூவே உதுந்துச்சு. யாரும் கேசு போடலையே.

அதுக்கு மரியாதையா வருசம் பூராவும் அந்தப் புதருல ஒரு குச்சியை ஒடிக்க முடியாது. நான் கலியாணமாகி வந்த புதுசுல தெரியாம வெறகுக்குப் போயி ஒரு சூரமுள்ளை வெட்டிட்டேன். கூட்டம் கூட்டி, கோயிலுக்குத் தண்ணி சொமக்க வெச்சுட்டாங்க என்னை. புதுப்பொண்ணுன்னும் பாக்கல. மாசி பங்குனியில குட்டி போடும், அந்தப் பக்கம் ஆட்டை ஓட்ட மாட்டாங்க. நாயைக் கட்டித்தான் வெப்பாங்க. பன்னிக்கு வெசம் வெக்கறவன்கூடக் கரட்டுப் பக்கம் வெக்க மாட்டான். ஏன்னா அடுத்த பொங்கலுக்கு நரி வேணுமே. இல்லைன்னா மொத்த ஊரும் அவனைத்தானே பேசும்.

இதைத்தான் எங்க மாமனாரு பாரஸ்ட்டுக்காரங்ககிட்டச் சொன்னாரு. பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டாங்க, ரேஞ்சரம்மா ஒருத்தங்க வந்திருந்தாங்க. நல்ல அம்மா, கத்தல, மெரட்டல. "இது வேட்டைதாங்கய்யா. புடிச்சுட்டு விட்டாலும் வேட்டைதான். பயத்துலயே நெஞ்சு நின்னு போயிரும் அதுக்கு"ன்னாங்க.

எங்க மாமனாரு எந்திரிச்சாரு. "ஏம்மா, வருசத்துக்கு ஒரு நாளு விருந்தாளி வர்றாருன்னா வூட்டைக் கூட்டித் தொளிச்சு வெப்பீங்களா மாட்டீங்களா? வரவே கூடாதுன்னுட்டா அப்பறம் எவன் கூட்டுவான்?"

அந்தம்மா சிரிச்சுட்டு, "விருந்தாளியை வலை போட்டா புடிச்சுட்டு வருவீங்க?"ன்னாங்க. ஊரே சிரிச்சிருச்சுக்கா. நானுந்தான் சிரிச்சேன்.

"புடிக்கறவன்தான் காப்பாத்துவான்னு சொல்றது பூனையைப் பாலுக்குக் காவல் வெச்ச மாதிரி"ன்னாங்க அடுத்து.

"பாலைக் குடிக்காத பூனைன்னா?"ன்னு மாமனாரு.

"அப்படி ஒரு பூனையை நான் பாத்ததில்லைங்கய்யா."

"நீங்க எங்க ஊருக்கு இன்னைக்குத்தானே வந்தீங்க?"

ரெண்டு பேரு சொன்னதும் எனக்கு ஞாயமாத்தான் பட்டுது. அதுதான் அலுப்பே. ஒருத்தரு தப்பு இன்னொருத்தரு சரின்னா மனுசன் ஒரு பக்கமா உக்காந்துக்கலாம். இப்படின்னா எங்க உக்காரறது? பாப்பா அழுதா, நான் பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்.

கூட்டம் போட்டு என்ன? அந்தப் பொங்கலுக்கும் புடிச்சாங்க. போலீசு, பாரஸ்ட்டு எல்லாம் கோயில்லயே நின்னுச்சு. அந்த நேரத்துல நரி எங்க வூட்டுக்காரரு தோளுல இருந்துச்சு. மாமனாரு கையில இருந்திருந்தா வயசானவருன்னு விட்டிருப்பாங்க. அஞ்சு நிமிசம் முன்ன பின்ன ஆயிருந்தா வேற எவனாச்சும் மாட்டியிருப்பான். இவரு நேரம். மாதேசுன்னு பேரைக் கேட்டு எழுதிக்கிட்டாங்க. அன்னையிலிருந்து வாய்தா, வாய்தான்னு கோர்ட்டுக்கு அலையறோம். போறதும் வர்றதும், போறதும் வர்றதும். ஜட்ஜு லீவு, வக்கீலு லீவு, இல்லைன்னா அடுத்த மாசம் வா. எனக்கு அந்தக் கோர்ட்டு வேப்பமரத்துல எத்தனை காக்கா கூடுன்னுகூடத் தெரியும்க்கா. அலுத்துப் போச்சு. சும்மா வாயிக்கு சொல்லல, நெசமாவே அலுத்துப் போச்சு.

மாமனாரு வலையையும் பாரஸ்ட்டுக்காரங்க கொண்டுபோயிட்டாங்க. அதுக்கப்பறம் யாரு எதைக் காக்கறது? அடுத்த மாசமே எங்க பக்கத்துக்காட்டு முருகேசன் புதரை வெட்டி ஆட்டுக்குப் போட்டான். நான் சண்டைக்குப் போனேன். "ஏன் அம்சா, நரி இப்ப நம்மளுதா? பாரஸ்ட்டுக்காரனுது. அவன் வந்து கேக்கட்டும், பதில் சொல்லிக்கறேன்"ன்னான். மாமனாரு அங்கதான் நின்னாரு. வெட்டுன முள்ளைப் பாத்துட்டு வூட்டுக்கு நடந்துட்டாரு.

கேட்டு தொறந்துட்டாங்க போல. அப்பாடா, காத்து வருது.

இந்த வீடியோவா? இது அதுக்கு அடுத்த பொங்கல். போன வருசம். கேசு நடக்கறப்ப எதுக்குப் புடிச்சீங்கன்னு நீங்க கேப்பீங்க, வக்கீலும் அதைத்தான் கேப்பாரு. இவளுக்காகத்தான்க்கா. இதோ, இப்ப சன்னல் கம்பியை நக்கிக்கிட்டு இருக்கறாளே, ஏய் கனி, துப்பு, துப்புடி. இவளுக்கு ரெண்டரை வயசாகியும் பேச்சே வரல. அம்மான்னுகூட ஒரு சொல்லு இல்ல. டாக்டரு, "சில கொழந்தைங்க லேட்டாப் பேசும், பொறுங்க"ன்னாரு. பொறுக்கறது அவரா நானா? நரி மூஞ்சியில முழிச்சா வாயி தொறக்கும்னு ஊருல எல்லாருமே சொல்லுவாங்க. எங்க நாத்தனா பையனுக்கு அப்படித்தான் வந்துச்சு.

எங்க வூட்டுக்காரரு மாட்டேன்னுதான் சொன்னாரு. நான் ஒண்ணும் நச்சரிக்கல. சும்மா நெனவு படுத்துனேன். சோத்தைப் போடறப்ப ஒரு தடவை, படுக்கறப்ப ஒரு தடவை, பல்லு வெளக்கறப்ப ஒரு தடவை. "கேசு நடக்குதுடி"ன்னாரு. "புள்ள பேசலைன்னா கேசு முடிஞ்சு என்ன பண்றது"ன்னேன். அவ்வளவுதான் கேட்டேன். அவராத்தான் கெளம்புனாரு.

மாமனாரைக் கூப்புட்டோம். வர மாட்டேன்னுட்டாரு. "மேளமில்லாம, ஊரில்லாம, ஒளிஞ்சு போயி புடிச்சா அது சாமி காரியமில்ல, வேட்டை. அந்தம்மா சொன்ன வேட்டை அதுதான்"னுட்டு துண்டை ஒதறி படுத்துட்டாரு. வயசாச்சில்ல, இதைப்போல எதையாச்சும் சொல்லிக்கிட்டே இருப்பாரு.

முருகேசன் ஒரு பழைய மொசலு வலை வெச்சிருந்தான். அதை வாங்கிக்கிட்டு இவரும் அவனும், பின்னால நானும் பாப்பாவும், பொழுது வெளுக்கறப்பப் போனோம். எங்க அதிர்ஷ்டம் பாருங்க, புதருல ஒரு தட்டு தட்டுனதும் வந்து விழுந்துச்சு. இவரு அள்ளி எடுத்துக்கிட்டாரு. நான் வீடியோ எடுத்தேன். அப்ப இவ பாத்தாளே ஒரு பார்வை! ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு "நாயி"ன்னா. நாயி! அதுதான்க்கா மொத வார்த்தை. கேளுங்க, வீடியோவுலயே இருக்குது. நான் கத்தறதும் கேக்கும். "பேசிட்டா, எங்க கனி பேசிட்டா"ன்னு நான்தான் கத்தறேன். எனக்கு அழுகை வந்துருச்சு. அவரும் அழுவறாரு பாருங்க, மூக்கு செவந்திருக்குது.

அப்பறம் விட்டுட்டோம். வூட்டுக்கு வந்துட்டோம்.

அதிலிருந்து எங்களுக்கு ஒரே பயம். யாராச்சும் நரின்னு பேச்செடுத்தா, நரியா, எங்க இருக்குது நரி, இந்த ஊருல ஏது நரின்னே சொல்லிப் பழகிட்டோம். நாங்க மட்டுமில்ல, ஊரே. பாத்தேன்னு சொன்னா எப்ப பாத்தே, யாரு கூட பாத்தே, எதுக்குக் கரட்டுக்குப் போனேன்னு கேப்பாங்களே. இல்லைன்னுட்டா ஒரு கேள்வியும் இல்ல.

ஆடி மாசம் ரெண்டு பேரு வந்தாங்க, ஒரு பையன், ஒரு பொண்ணு. காலேசுப் புள்ளைங்க மாதிரி இருந்தாங்க. நரி கணக்கெடுக்கறோம்னாங்க. ஊரே உசாராயிருச்சு. கொழந்தைங்களை எல்லாம் உக்கார வெச்சு நான்தான் சொல்லிக் குடுத்தேன். யாராச்சும் படத்தைக் காட்டி இது என்னன்னு கேட்டா நாயின்னு சொல்லணும். எங்க கனியை வெச்சுத்தான் எனக்கு அந்த யோசனையே வந்துச்சு. அதுங்களும் என்னமாச் சொல்லுச்சுங்க தெரியுமா! ஒண்ணு, "அது எங்க பெரியப்பா வூட்டு நாயி"ன்னுருச்சு.

அந்தப் புள்ளைங்க மரத்துல கேமராப் பொட்டி கட்டுனாங்க. நாங்க விடுவமா? நம்ம ஆளுங்க பொழுது முழுக்க அந்தப் பொட்டிக்கு முன்னால ஆட்டைக் கொண்டுபோயி கட்டிட்டாங்க. அவங்க எடுத்துப் பாத்தா பூராவும் ஆடு. ஆடு, ஆட்டுக்குட்டி, முருகேசன் முதுகு. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு எங்களுக்கு.

அந்தப் பொண்ணு எங்க வூட்டுலதான் டீ குடிச்சா. நல்ல புள்ளக்கா. கனிக்குத் தலை சீவி விட்டா. "அக்கா, ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் சொல்லுங்க, நல்லதுக்குத்தான் கேக்கறேன்"னு மறுபடியும் மறுபடியும் கேட்டா. நான் அசரவே இல்ல. "நரியா, கலியாணமாகி வந்து இத்தனை வருசமாச்சு, நான் பாத்ததே இல்லம்மா. டிவியில பாத்ததுதான்"னேன். எங்க வூட்டுக்காரரே அசந்துட்டாரு. "எனக்கே நரி இல்லையோன்னு ஆயிருச்சுடி"ன்னாரு. போறப்ப அந்தப் புள்ள ஒரு சீட்டுல நம்பரு எழுதிக் குடுத்து, எப்பவாச்சும் பாத்தா கூப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. மொகமே வாடிப் போச்சு அதுக்கு. நரி இல்லைன்னா இதுக்கு என்ன நட்டம், ஏன் இப்படி வாடுதுன்னு நெனச்சேன். சீட்டை அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன். எதுக்கு வம்பு?

இப்ப தை மாசம் குவாரிக்காரன் வந்து கல்லு நட்டுட்டான். கரடு பூராவும். ஒடைச்சு ஜல்லி போடப்போறானாம். எங்க காட்டு வரப்பு வரைக்கும் கல்லு நட்டிருக்கறான். அந்தத் தூசியில கடலை பூக்குமா, கெழங்கு வெக்குமா? கனிக்கு இப்பவே பனி பட்டா மூச்சு இழுக்குது. வெடி வெச்சா எங்க வூட்டுச் செவுரு நிக்காது. இவரு கோர்ட்டுக்கு நடந்ததுல வேலை போச்சு, இருக்கறது அந்தக் காடு ஒண்ணுதான். அதும் போச்சுன்னா நாங்க பாப்பாவைத் தூக்கிக்கிட்டு எந்த ஊருக்குப் போறது?

ஆபீசுல போயி கேட்டோம். "அது வெறும் பாறை, ஜீவராசி ஒண்ணும் இல்லைன்னு ரிப்போர்ட்டு வந்திருக்குது. நரி கிரி இருந்தா யோசிக்கலாம்"னாரு ஒரு ஆபீசரு. பாருங்கக்கா அநியாயத்தை! நரி வெச்சிருந்தீங்கன்னு எங்க மேல கேசு போட்டதும் இவங்கதான். நரியே இல்லைன்னு எழுதறதும் இவங்கதான். நாங்க இல்லைன்னு சொன்னா அப்படியே எழுதிக்குவாங்களா? கொஞ்சமாச்சும் மூளை வேணாம்? படிச்ச புள்ளைங்கதானே, நாலு எடத்துல தேடிப் பாத்திருக்க வேணாம்?

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு ஓஞ்சு போச்சு. ஊருல எல்லாரும், "அம்சா, நீதான் நல்லாப் பேசுவே, நீயே போ"ன்னு தள்ளி விட்டுட்டாங்க. ஆம்பளைங்க வர மாட்டாங்க, எல்லாருக்கும் பயம். மாமனாரையாச்சும் வாங்கன்னு கூப்புட்டேன். "எனக்கு அங்க சொல்றதுக்கு ஒண்ணுமில்ல"ன்னுட்டாரு.

புதுசா ஒரு போட்டோ எடுத்துரலாம்னுதான் பாத்தோம். போன வாரம் பூரா பொழுது சாயறப்ப நானும் இவரும் கரட்டுல குந்திக்கிட்டு இருந்தோம். ஒரு நாளு தூரமா என்னமோ தெரிஞ்சுச்சு. எடுத்தேன். போன்ல பாத்தா ஒரு பொட்டு. மாமனாருகிட்டக் காட்டுனேன், ஒரு நிமிசம் பாத்துட்டு, "அது பாறை"ன்னாரு. கண்ணு மங்கிப் போச்சு அவருக்கு. அதான் கடைசியில இந்த வீடியோதான் கதின்னு கெளம்பி வந்துட்டேன்.

இந்தாங்க. என் போன்லயே பண்ணுங்கக்கா. உங்க போனுக்கு அனுப்புனா அப்பறம் உங்களுக்கும் வாய்தா வந்துரும்.

ஆங், இதுதான். பின்னால பாருங்க, பாறை தெரியுதா? பசுமாடு படுத்த மாதிரி. அது எங்க கரட்டுப் பாறை, ஆபீசருக்குப் பாத்ததுமே தெரியும். அது மட்டும் போயிரக்கூடாது. இவரு மூஞ்சியை மொதல்ல எடுத்துருங்க. ஐயோ, போயிருச்சா? இவ்வளவு சுளுவா? எத்தனை நாளு சண்டை போட்டும் இந்த மனுசனை என்னால நகத்த முடியல, நீங்க ஒரு விரல்ல தள்ளிட்டீங்களே! முருகேசன் காலு தெரியுது, அதையும். சத்தமா? ஆமா, என் சத்தம் வேணாம். பாப்பா நாயிங்கறதும் வேணாம், காரியமே கெட்டுரும். அவரு கை இன்னும் தெரியுது, அந்த மோதிரக்கை. இன்னும் கொஞ்சம் உள்ள. இன்னும்.

அவ்வளவுதான்! பாருங்க, இப்ப நரி மூஞ்சியும் பாறையும் மட்டும். எவ்வளவு அழகு பாருங்கக்கா. சிரிக்கற மாதிரி இல்ல?

என்னது? வாயிலயா?

அது ரிப்பன். பாப்பாவோடது. மாமனாரு வரலைல்ல, அவரோட பஞ்சுக்கயிறும் இல்ல. கடிச்சுருமேன்னு அவசரத்துக்கு நான்தான் இவ ஜடையிலிருந்து அவுத்துக் குடுத்தேன். சின்னதா இருந்தப்பத் தெரியவே இல்ல, நீங்க பெருசு பண்ணவும்தான் இப்படிச் செவப்பாத் தெரியுது. இதை மட்டும் அழிக்க முடியாதா? வாயோட சேத்துத்தான் போவுமா? வாயி இல்லாத நரியைக் காட்டுனா நல்லாவா இருக்கும்.

அவுத்துட்டுத்தான் விட்டீங்களான்னா... விட்டோம். விடறப்ப என்ன ஆச்சுன்னா, கீழ பைக்கு சத்தம் கேட்டுச்சு. பாரஸ்ட்டு வாச்சருதான்னு முருகேசன் கத்திக்கிட்டு ஓடுனான். இவரு அதைக் கேட்டதும் பொத்துன்னு விட்டுட்டாரு. அது பாஞ்சு புதருக்குள்ள போயிருச்சு. எறங்கி வந்து பாத்தா பால்காரரு வண்டி. வூட்டுக்கு வந்து எப்படிச் சிரிச்சோம் தெரியுமா!

ஆமாக்கா, கட்டோடதான் போச்சு. ஏன் இப்படிப் பாக்கறீங்க? ரிப்பன்தானே. வழுக்குற துணி. இவ ஜடையிலயே நிக்க மாட்டேங்குது, நாளைக்கு நாலு தடவை கட்டி விடறேன். கல்லுல ரெண்டு தேய் தேச்சா அவுந்துரும். அவரு ரெண்டு முடிச்சுப் போட்டுட்டாருன்னு அப்பறமாத்தான் சொன்னாரு, போட்டா என்ன. அவுந்துருச்சுக்கா, எனக்கு நல்லாத் தெரியும். ரிப்பனே திரும்பி வந்துருச்சே!

நெசமா. நாலஞ்சு நாளு கழிச்சு எங்க மாமனாரு கரட்டுக்குப் போயிருந்தாரு. வெடிகாலையிலேயே மம்முட்டியை எடுத்துக்கிட்டுத் தனியாப் போனாரு. வெயிலேறித்தான் வந்தாரு. எதுக்கு மாமா மம்முட்டின்னேன், அதைக் கழுவி ஓரமா வெச்சாரு. தலைக்குத் தண்ணி ஊத்துனாரு. அன்னைக்கு சோறும் வேணாம்னுட்டாரு. சாயங்காலம் பாக்கறேன், கொடியில இந்த ரிப்பன் தொவைச்சுக் காயுது. அவருதான் கண்டெடுத்து வந்திருக்கறாரு. "பாத்தீங்களா, அவுந்து விழுந்துருச்சு. நீங்க இதுக்குப் போயி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டீங்களே"ன்னு நான் சிரிச்சேன். அவரு என்னைப் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அன்னையிலிருந்து மகன்கிட்டப் பேச்சில்ல. சொல்றதைக் கேக்காமப் புடிச்சுட்டோம்னு கோவம், பெருசுங்களுக்கு அதெல்லாம் போறதுக்கு நாளாவும்.

இதோ இவ தலையில இருக்குதே, இதேதான். தொட்டுப் பாருங்க, கிழிசல்கூட இல்ல.

அதுக்கப்பறம் யாராச்சும் நரியைப் பாத்தாங்களான்னா... பாக்காமயா? இருங்க... முருகேசன் ஏதோ பாத்தேன்னான். இல்ல, அது முந்தி. நாங்கதான் கரட்டுப் பக்கமே போகலையே. இல்லை இல்லைன்னு சொல்லிக்கிட்டு எப்படிப் போறது? ராத்திரி ஊளை கேக்கும். போன வருசமா, அதுக்கு முந்தியா... அட, கேக்கும்க்கா. எங்க போயிரும் அது? இத்தனை தலைமொறையா இருக்கறது.

ஸ்டாப்பு வந்துருச்சு போல. கண்டக்டரண்ணா, எறங்கணும், கொழந்தை இருக்குது, கொஞ்சம் நிறுத்திப் புடிங்க! பையை வாங்கிக்கங்கக்கா. ரொம்ப உதவி பண்ணுனீங்க. வாய்க்கட்டு தெரிஞ்சாத் தெரியட்டும், இருக்குதுன்னு சொல்றதுக்கு ஒரு மூஞ்சி வேணுமே. வேற எவனோ கட்டுனதுன்னு சொல்லிக்கறேன். நீங்க ஏன் கண்ணைத் தொடைக்கறீங்க? தூசியா? பாருங்க, ரோட்டுக்கே இப்படின்னா குவாரி வந்தா எப்படி இருக்கும்.

கனி, அத்தைக்கு டாட்டா சொல்லு. இங்க பாருடி, உள்ள ஆபீசரு மாமா போனைக் காட்டி இது என்னன்னு கேட்டா என்ன சொல்லணும்? நாயி இல்லடி! அது அன்னைக்கு. இன்னைக்கு நரி. எங்க, சொல்லு. நரி. ந... ரி. அடியே, மறுபடியும் நாயிங்கறியே, மானத்தை வாங்காத.

ஐயோ, ரிப்பனை ஏன்டி இழுக்கற? நில்லு, ஆட்டாத. இறுக்கி ரெண்டு முடிச்சாப் போட்டு விடறேன். அப்பத்தான் அவுறாது.